காணொளியின் ஒலிக் குறைகள்: அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

காணொளியில் ஒலி சரியில்லை என்று தோன்றியதும் பலர் உடனே செய்வது, எடிட்டிங் மென்பொருளில் உள்ள இரைச்சல் நீக்கி, ஈக்வலைசர் (அதிர்வெண்களைத் தனித்தனியே கூட்டிக் குறைப்பது), கம்ப்ரஸர் (உரத்த ஒலிக்கும் தாழ்ந்த ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பது) ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பதுதான். இதனால் முதலில் இருந்த குறை அப்படியே தங்கிவிட, புதிய குறைகளும் சேர்ந்துகொள்கின்றன. ஒலி மைக்கில் நுழைந்து கேட்பவரின் காதை அடைவதற்குள் பதிவு, எடிட்டிங், எக்ஸ்போர்ட், கேட்கும் கருவி என்று நான்கு கட்டங்களைக் கடக்கிறது. குறை எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்று தெரிந்துகொள்வதற்கு முன்னால் எந்தக் குமிழையும் திருகக் கூடாது என்பதே இந்த வழிமுறையின் அடிப்படை.

ஆகவே அறிகுறி எதுவாக இருந்தாலும் முதலில் ஒரே சோதனையைச் செய்யுங்கள். கேமராவிலிருந்தோ ரெக்கார்டரிலிருந்தோ வந்த மூலக் கோப்பை, எடிட்டிங் மென்பொருளுக்கு வெளியே, வயர் உள்ள ஹெட்போனில் கேளுங்கள். அங்கேயே குறை கேட்டால் அது பதிவின்போது நுழைந்தது. அங்கே இல்லையென்றால், டைம்லைனில் மற்ற டிராக்குகளை மியூட் செய்து, எஃபெக்டுகளை நிறுத்திவிட்டு அந்த ஒரு க்ளிப்பை மட்டும் கேளுங்கள். பிறகு டிராக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வாருங்கள். டைம்லைனிலும் நன்றாக இருந்தால் எக்ஸ்போர்ட் செய்த கோப்பைக் கேளுங்கள். கடைசியாக அதே கோப்பைக் கைப்பேசி ஸ்பீக்கரில் கேளுங்கள். புளூடூத் ஹெட்போன் இந்தச் சோதனைக்கு ஆகாது. அது தன் பங்குக்கு ஒரு தாமதத்தைச் சேர்த்து, இல்லாத குறையை இருப்பதாகக் காட்டிவிடும்.

கீழே வரும் உதாரணங்கள், வீட்டிலோ தறிக்கூடத்திலோ கோயில் வெளியிலோ ஒரு கேமராவும் ஒரு காலர் மைக்கும் கொண்டு எடுக்கப்படும் நேர்காணல், குறும் ஆவணப்படம் போன்றவற்றைச் சார்ந்தவை.

அறிகுறி: பேச்சு பின்னணி இசையில் மூழ்கிப் புரியாமல் போகிறது

மிகப் பரவலான குறை இதுதான்; எடிட் செய்பவரின் காதுக்கு எளிதில் அகப்படாத குறையும் இதுதான். பேசுபவர் என்ன சொல்கிறார் என்பதைப் பலமுறை கேட்டு மனப்பாடமாக வைத்திருப்பவருக்கு, இசை எவ்வளவு உரத்து ஒலித்தாலும் சொற்கள் தெளிவாகவே கேட்கும். எனவே அந்தப் பேச்சை ஒருமுறைகூடக் கேட்டிராத ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ஓர் ஊர்ப்பெயரோ ஆள்பெயரோ தவறாக வந்தால் குறை உறுதியாகிவிட்டது.

இசையின் அளவைக் குறைப்பதற்கு முன்னால் குரலைக் கவனிக்க வேண்டும். குரல் ஒரு சொல்லில் உரத்தும் அடுத்த சொல்லில் தாழ்ந்தும் வந்தால், இசையை எந்த அளவில் வைத்தாலும் தாழ்ந்த சொற்கள் அதில் மூழ்கத்தான் செய்யும். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வருவதால் இந்தச் சிக்கல் நமக்கு இன்னும் கூடுதல்: "செய்தேன்" என்றாரா, "செய்யவில்லை" என்றாரா என்பதை முடிவு செய்யும் பகுதி, பேசுபவரின் மூச்சு குறைந்து குரல் இறங்கும் இடத்திலேயே போய் விழுகிறது. ஆகவே இசை டிராக்கை முழுவதும் மியூட் செய்துவிட்டு, வாக்கியங்களின் ஈற்றை மட்டும் க்ளிப் கெயின் (அந்தத் துண்டின் ஒலி அளவு) மூலம் மூன்று நான்கு டெசிபெல் கையால் உயர்த்துங்கள். இந்த வேலை முடிந்த பின்னரே 2:1 அல்லது 3:1 விகிதத்தில் ஒரு மென்மையான கம்ப்ரஸரைச் சேர்க்க வேண்டும். கம்ப்ரஸரிடமே எல்லாவற்றையும் விட்டுவிட்டால், அது மூச்சிரைப்பையும் அறையின் இரைச்சலையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு வரும்.

இப்போது இசையைத் திறக்கலாம். இணையத்தில் உள்ளவை எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பதற்காக டபிள்யூ 3 சி அமைப்பு வகுத்துள்ள நெறிமுறையின் உயர்ந்தபட்ச நிலை, பின்னணி ஒலி பேச்சைவிடக் குறைந்தது 20 டெசிபெல் தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. கேள்திறன் குறைந்தவர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்ட அளவு இது. ஆனால் பேருந்தில் போய்க்கொண்டே கைப்பேசியில் பார்ப்பவர்களுக்கும் இதே அளவுதான் பொருந்துகிறது. பேச்சுக்கு அடியில் இசையை 18 முதல் 20 டெசிபெல் வரை தாழ்த்தித் தொடங்குவது பாதுகாப்பானது.

அளவைக் குறைத்தும் சொற்கள் தெளியவில்லையென்றால் சிக்கல் அதிர்வெண்ணில் இருக்கிறது. மெய்யொலிகளின் கூர்மையும் ல, ள, ழ ஆகியவற்றுக்கு இடையிலான வேறுபாடும் பெரிதும் 1.5 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைச் சார்ந்திருக்கின்றன. அதே பகுதியில் இசையும் நிறைந்திருந்தால் உயிரெழுத்துகள் மட்டும் காதில் விழும், சொல் விழாது. இசை டிராக்கில் ஓர் ஈக்வலைசரைப் போட்டு, 2.5 கிலோஹெர்ட்ஸை மையமாகக் கொண்டு அகலமான வளைவில் நான்கைந்து டெசிபெல் இறக்குங்கள். இசை தன் நிறத்தை அதிகம் இழக்காமலேயே பேச்சுக்கு வழிவிடும்.

இதைவிடச் சிறந்தது, வழிவிடக்கூடிய இசையை முதலிலேயே தேர்ந்தெடுப்பது. புல்லாங்குழல், வயலின், நாதஸ்வரம் ஆகியவை தனித்து ஒரு மெட்டை வாசிக்கும்போது, அவற்றின் இயக்கம் மனிதக் குரலின் இயக்கத்தை மிகவும் ஒத்திருப்பதால், கேட்பவரின் கவனம் இரண்டு பேச்சுகளுக்கு இடையே மாட்டிக்கொள்கிறது. தம்பூராவின் சுருதி, வீணையின் தாழ்ந்த தந்தி, நீண்டு நிற்கும் மெல்லிய கார்டுகள், இடைவெளி விட்டு வரும் தாளவாத்தியம் ஆகியவை பேச்சுக்கு அடியில் நன்றாக அமர்கின்றன. தமிழ்ப் பேச்சுக்கு அடியில் தமிழ்ப் பாடலை, வரிகளோடு, ஒருபோதும் வைக்காதீர்கள். எவ்வளவு தாழ்த்தினாலும் தெரிந்த மொழியின் சொற்கள் காதை இழுத்துக்கொண்டே இருக்கும்.

பேச்சு வரும்போது இசையைத் தானாக இறக்கும் டக்கிங் வசதி இன்று பெரும்பாலான மென்பொருள்களில் உள்ளது. அதைப் போட்ட பிறகு இசை சொல்லுக்குச் சொல் ஏறி இறங்கித் தள்ளாடினால், இசை மீண்டு எழும் கால அளவு மிகக் குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அதை ஒன்றரை, இரண்டு நொடிகளுக்கு நீட்டுங்கள். முக்கியமான இடங்களில் கீஃப்ரேம் (டைம்லைனில் அளவு மாற வேண்டிய புள்ளி) வைத்துக் கையால் இறக்குவதே மேல். முதல் சொல் வருவதற்கு அரை நொடி முன்பே இசை இறங்கி முடிந்திருக்க வேண்டும். சொல்லோடு சேர்ந்து இறங்கினால் அந்த முதல் சொல் போய்விடும்.

அறிகுறி: குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் எட்டத்தில் கேட்கிறது

கான்கிரீட் சுவர், டைல்ஸ் தரை, திரையில்லாத ஜன்னல் ஆகியவை கொண்ட நம் வீடுகளின் கூடத்தில் எடுக்கப்படும் நேர்காணல்களில் இந்தக் குறை தவறாமல் வருகிறது. பலர் மைக்கைக் குறை சொல்வார்கள். காரணம் பெரும்பாலும் தூரம். மைக்குக்கும் வாய்க்கும் இடையிலான தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் நேராக வரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் உயர்கிறது. ஆனால் சுவர்களில் பட்டுத் திரும்பும் எதிரொலி கிட்டத்தட்ட அதே அளவில் நிற்கிறது. இரண்டு மீட்டரில் இருந்த மைக்கை அரை மீட்டருக்குக் கொண்டுவந்தால் குரல் எதிரொலியைவிட 12 டெசிபெல் முன்னுக்கு வந்துவிடும். எந்த மென்பொருளாலும் இவ்வளவு சுத்தமாக இதைச் செய்ய முடியாது.

காலர் மைக் இருந்தும் இக்குறை வந்தால், பதிவானது காலர் மைக்கின் ஒலிதானா என்று சரிபாருங்கள். ரெக்கார்டிங் ஓடும்போது மைக்கை நகத்தால் மெல்லத் தட்டிவிட்டு, பிறகு கேமராவைத் தட்டுங்கள். கேமராவைத் தட்டியது உரத்துக் கேட்டால், வெளி மைக் இணைக்கப்படாமல் உள் மைக்கே பதிவு செய்துகொண்டிருக்கிறது. கேமராவுக்கான மைக் பிளக்கில் இரண்டு கறுப்பு வளையங்களும், கைப்பேசியின் ஹெட்செட் துளைக்கான பிளக்கில் மூன்று வளையங்களும் இருக்கும். கேமராவுக்கான பிளக்கைக் கைப்பேசியில் நேரடியாகச் செருகினால், கைப்பேசி அதை மைக்காக அடையாளம் காணாமல் தன் உள் மைக்கிலேயே பதிவு செய்துவிடும். இடையில் ஒரு சிறிய மாற்றி தேவை.

மைக் சரியாக இருந்தால், தாடைக்கு ஒரு சாண் கீழே, சட்டையின் நடுவில் அதைப் பொருத்துங்கள். பேசுபவரைச் சுவரை ஒட்டியோ அறையின் சரியான மையத்திலோ உட்கார வைக்காதீர்கள். அவருக்கு எதிரே கேமராவுக்குப் பின்னால் ஒரு மெத்தையை நிமிர்த்தி வைப்பதும், தரையில் ஜமக்காளம் விரிப்பதும், இருபுறமும் தடித்த போர்வையைத் தொங்கவிடுவதும் படத்தில் தெரியாமல் பெரிய மாற்றத்தைத் தரும். ஏற்கெனவே பதிவாகிவிட்ட எதிரொலிக்கு, எதிரொலி நீக்கும் எஃபெக்டைப் பாதி அளவுக்கு மேல் ஏற்றாமல் பயன்படுத்தலாம். அதற்கு மேல் போனால் குரல் உலோகத் தன்மை பெற்றுவிடும். கொஞ்சம் எதிரொலியுள்ள மனிதக் குரலைக் கேட்பவர் பொறுத்துக்கொள்வார், அரித்தெடுக்கப்பட்ட குரலைப் பொறுக்கமாட்டார் என்பது என் உறுதியான கருத்து.

அறிகுறி: உரத்த இடங்களில் ஒலி உடைந்து கரகரக்கிறது

க்ளிப்பின் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உச்சிகள் கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருந்தால் அது க்ளிப்பிங். டிஜிட்டல் ஒலியின் உச்சவரம்பு பூஜ்ய டெசிபெல். அதைத் தாண்டிய பகுதி பதிவாகவே இல்லை. டைம்லைனில் அளவைக் குறைத்தால் உடைந்த ஒலி சிறியதாகக் கேட்குமே தவிர உடைப்பு சேராது. டி-க்ளிப் எஃபெக்ட் ஓரிரு சொற்களின் உச்சியை ஊகித்து ஒட்டும். ஒரு தவில் தனி ஆவர்த்தனம் முழுவதையும் அது மீட்டுத் தராது.

தவில், பறை, உடுக்கை ஆகியவற்றைப் பதிவு செய்யும்போது இக்குறை மிகுதி. காரணம், அடி விழும் கணத்தின் உச்சி அதன் சராசரி அளவைவிட மிக உயரமானது. மீட்டரின் மெதுவான முள் அதைக் காட்டுவதில்லை. பேச்சுக்கு உச்சி கழித்தல் 12 டெசிபெல் அளவில் நிற்குமாறு கெயினை (பதிவு அளவை) வைப்பது வழக்கம். தாளவாத்தியத்துக்குக் கழித்தல் 18 வரை இறக்கிவிடுங்கள். ஒத்திகையில் வாசிப்பவர் கூட்டத்தின் நடுவில் வாசிக்கும் வேகத்தில் வாசிக்கமாட்டார் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ரெக்கார்டரில் தாழ்ந்த அளவில் ஒரு பாதுகாப்பு டிராக்கைச் சேர்த்துப் பதியும் வசதி இருந்தால் அதைத் தவறாமல் போட்டு வையுங்கள்.

மிக உரத்த ஒலியையும் மிகத் தாழ்ந்த ஒலியையும் உடையாமல் பதியும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர்களில் கெயின் கவலை பெருமளவு நீங்கியிருக்கிறது. ஆயினும் தவிலின் வலந்தலைக்கு அருகே வைத்த காலர் மைக்கின் கேப்ஸ்யூலே (ஒலியை வாங்கும் பகுதியே) தாங்காமல் போனால், ஒலி உடைந்த நிலையிலேயே ரெக்கார்டருக்குள் நுழைகிறது. அதை எந்தப் பிட் அளவும் காப்பாற்றாது. உச்சி தட்டையாக இல்லாமலேயே கரகரப்பு கேட்டால் இந்தக் காரணத்தைச் சந்தேகித்து மைக்கைத் தள்ளி வையுங்கள்.

இதனோடு சேர்த்துக் கவனிக்க வேண்டியது ஆட்டோ கெயின். பேசுபவர் நிறுத்தும் ஒவ்வொரு இடைவெளியிலும் பின்னணி இரைச்சல் மெல்ல மேலெழுந்து, அவர் பேசத் தொடங்கியதும் அமுங்கினால், கேமரா தானே அளவை மாற்றிக்கொண்டிருக்கிறது. மெனுவில் அதை நிறுத்திவிட்டு அளவைக் கையால் வையுங்கள்.

அறிகுறி: உதட்டசைவும் ஒலியும் ஒத்துப்போகவில்லை

இதில் முதல் கேள்வி, விலகல் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே அளவில் இருக்கிறதா, நேரம் போகப் போகக் கூடுகிறதா என்பதே. இரண்டுக்கும் காரணங்கள் வேறு.

ஒரே அளவில் இருந்தால் ஒலிக் க்ளிப்பை நகர்த்திவைத்தால் போதும். எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதில் சந்தேகம் இருந்தால், ஒலி முந்துவதைவிடப் பிந்துவதே மேல். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, ஒலி ஏறத்தாழ 45 மில்லிநொடி முந்தினாலே பார்ப்பவர் விலகலை உணரத் தொடங்குகிறார். பிந்தும்போதோ ஏறத்தாழ 125 மில்லிநொடி வரை உணர்வதில்லை. நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் காணொளியில் ஒரு ஃப்ரேம் 40 மில்லிநொடி என்பதால், முந்துவதற்கு ஒரு ஃப்ரேமும் பிந்துவதற்கு மூன்று ஃப்ரேமும் எல்லை என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். இயற்கையில் ஒலி எப்போதும் ஒளிக்குப் பின்னால்தான் வருகிறது. காது அதற்குப் பழகியது. கச்சேரி மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவின் உள் மைக்கில் ஒலி ஏறத்தாழ 90 மில்லிநொடி, அதாவது இரண்டு ஃப்ரேமுக்குச் சற்றுக் கூடுதலாகப் பிந்தியே பதிவாகும். மேடையின் மிக்ஸரிலிருந்து நேரடியாக எடுத்த ஒலியையும் இதையும் சேர்த்துக் கேட்டால் இரட்டையாக ஒலிப்பது இதனால்தான்.

விலகல் கூடிக்கொண்டே போனால், கூடும் அளவே காரணத்தைச் சொல்லிவிடும். ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 3.6 நொடி விலகினால், 23.976 ஃப்ரேமும் 24 ஃப்ரேமும், அல்லது 29.97 ஃப்ரேமும் 30 ஃப்ரேமும் கலந்துவிட்டன. குரல் கனத்து, சுருதி ஏறத்தாழ முக்கால் கட்டை இறங்கி, ஒரு நிமிடப் பேச்சு 65 நொடிக்கு நீண்டிருந்தால், 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்த கோப்பு 44.1 என்று தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது. காணொளிக்கான பதிவு எப்போதும் 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கட்டும்.

ஒரு மணி நேரத்தில் கால் நொடி போன்ற சிறு விலகலென்றால், கேமராவின் கடிகாரமும் ரெக்கார்டரின் கடிகாரமும் துல்லியமாக ஒன்றாக ஓடவில்லை. தனித்தனிக் கருவிகளில் இது இயல்பு. பதிவின் தொடக்கத்தில் ஒரு கைதட்டலும் முடிவில் ஒரு கைதட்டலும் கேமராவின் முன் பதிந்து வைத்தால் இதைக் கணக்கிட்டுவிடலாம். முதல் தட்டலைப் பொருத்திய பிறகு, 3600 நொடி கழித்து வரும் கடைசித் தட்டல் ஆறு ஃப்ரேம், அதாவது 0.24 நொடி பிந்தி ஒலித்தால், ஒலியின் வேகத்தை 100.0067 விழுக்காடாக மாற்ற வேண்டும். சுருதியில் இந்த மாற்றம் காதுக்குத் தெரியாது. மென்பொருள் அத்தனை தசமங்களை ஏற்காவிட்டால், பேச்சு நிற்கும் இடங்களில் ஒலியை வெட்டி ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திக்கொண்டே போகலாம்.

கைப்பேசியில் எடுத்த க்ளிப் மட்டும் அங்கங்கே ஒழுங்கின்றி விலகினால், அது மாறும் ஃப்ரேம் வேகத்தில் பதிவானது. எடிட்டிங்கைத் தொடங்கும் முன் ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் நிலையான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: அடியில் ஓர் உறுமல், அல்லது விட்டுவிட்டு ஒரு டிர்ர்ர்

இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுவதால் மின் உறுமல் 50, 100, 150 ஹெர்ட்ஸ்களில் ஒலிக்கும். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். உறுமல் நின்றால் பெரும்பாலும் கிரவுண்ட் லூப் (கருவிகளின் தரையிணைப்புகளுக்கு இடையே ஓடும் மின்சாரம்) காரணம், பேட்டரியில் ஓட்டிப் பதிவு செய்யுங்கள். பதிவானதில் அந்த அதிர்வெண்களில் மட்டும் குறுகிய நாட்ச் (ஓர் அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் வடிகட்டி) வைத்து நீக்கலாம். விட்டுவிட்டு வரும் டிர்ர் ஒலி, மைக் வயருக்கு அருகில் உள்ள கைப்பேசியின் சிக்னல். எல்லோரின் பேசியையும் ஏரோப்பிளேன் மோடில் போடச் சொல்லுங்கள்.

மின்விசிறி, ஃபிரிட்ஜ், ஏசி ஆகியவற்றை நிறுத்திவிட்டுத்தான் பதிய வேண்டும். மின்விசிறி இரைச்சலோடு நில்லாமல், குரலின் எதிரொலியையும் இறக்கைகளால் வெட்டி வெட்டி அனுப்புகிறது. அதை எந்த நீக்கியும் எடுக்காது. ஃபிரிட்ஜை நிறுத்தினால் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுவது ஒலிப்பதிவாளர்களிடையே உள்ள நல்ல வழக்கம். கிளம்பும்போது மறவாமல் மீண்டும் போட்டுவிடலாம்.

அறிகுறி: ஹெட்போனில் கேட்கும் குரல் கைப்பேசி ஸ்பீக்கரில் மறைந்துபோகிறது

இது விசித்திரமாகத் தோன்றும். ஆனால் காரணம் தெளிவானது. இடது வலது சேனல்களில் ஒரே குரல், ஒன்றுக்கொன்று தலைகீழான அலையாகப் பதிவாகியிருக்கிறது. இரண்டும் ஒன்றாகக் கலக்கும் மோனோ ஸ்பீக்கரில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. தனித்தனிக் காதில் கேட்கும் ஹெட்போனில் குரல் தலைக்கு வெளியே மிதப்பதுபோல் இருக்கும். ஒரே ஒலியை நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பிகளில் அனுப்பும் பேலன்ஸ்டு மைக்கைச் சாதாரண வயர் மாற்றி மூலம் கேமராவின் ஸ்டீரியோ துளையில் செருகும்போது இது நேர்கிறது. க்ளிப்பின் அமைப்பில் இடது சேனலை மட்டும் எடுத்து இரண்டு பக்கமும் போட்டுவிடுங்கள், அத்தோடு தீர்ந்தது. குரல் ஒரு காதில் மட்டும் கேட்கும் க்ளிப்புக்கும் இதே மருந்து.

அறிகுறி: ஷாட் மாறும்போதெல்லாம் பின்னணி ஒலி தாவுகிறது

ஒவ்வோர் இடத்துக்கும் தனக்கென ஓர் அமைதி உண்டு. அதை முப்பது நொடி முதல் ஒரு நிமிடம் வரை, எல்லோரும் அசையாமல் நிற்க, தனியே பதிந்து வைக்க வேண்டும். டைம்லைனில் அந்த ரூம் டோனைப் பேச்சுக்கு அடியில் தொடர்ச்சியாக ஓடவிட்டு, ஒவ்வொரு வெட்டிலும் இரண்டு மூன்று ஃப்ரேம் கிராஸ்ஃபேட் (ஓர் ஒலி தேய, அடுத்தது வளரும் மாற்றம்) வைத்தால் தாவல் மறையும். பதியாமல் வந்துவிட்டால், பேசுபவர் யோசிக்க நிறுத்திய இடைவெளிகளைத் திரட்டி ஒட்டிக்கொள்ளலாம்.

தறிக்கூடத்தில் எடுக்கும் நேர்காணலை இங்கே சொல்ல வேண்டும். நெசவாளர் நெய்துகொண்டே பேசினால் படம் அழகாக இருக்கும். ஆனால் பேச்சை எங்கே வெட்டினாலும் தறியின் தாளம் அறுபடும். தறியை நிறுத்திப் பேச்சை ஒருமுறையும், பேச்சில்லாமல் தறியின் ஓசையை இரண்டு மூன்று நிமிடமும் தனித்தனியாகப் பதியுங்கள். நாடா ஓடுவதை அருகிலிருந்து ஒருமுறையும், மிதிகட்டையை ஒருமுறையும், கூடம் முழுவதன் ஓசையை வாசலிலிருந்து ஒருமுறையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு எடிட்டிங்கில் தறியோசையை முழு அளவில் தொடங்கி, அவர் பேசும்போது தாழ்த்தி, பேச்சு நிற்கும் இடத்தில் உயர்த்தலாம். அப்படிச் செய்தால் அந்தக் காட்சிக்கு வேறு பின்னணி இசையே பெரும்பாலும் தேவைப்படாது. அடுத்த காட்சிக்குப் போகும்போது, படம் மாறுவதற்கு ஒரு நொடி முன்பே அதன் ஒலியை உள்ளே விட்டால் பார்ப்பவர் வெட்டை உணர்வதில்லை.

அறிகுறி: இசை காட்சியோடு ஒட்டாமல் தனியே நிற்கிறது

அளவு சரியாக இருந்தும் இசை ஒட்டாமல் நின்றால், அந்த இசையை எடுத்துவிட்டுக் காட்சியை ஒருமுறை பாருங்கள். காட்சி தானாகவே நின்றால் இசை தேவையில்லை. இறப்பு என்றால் ஷெனாய், கிராமம் என்றால் புல்லாங்குழல் என்று கை தானாகப் போகும் இடங்களில்தான் இந்தச் சோதனை மிக அவசியம். பேசுபவர் சொன்னதையே இசை மறுபடி சொன்னால் இரண்டும் வலுவிழக்கின்றன.

சுருதி மோதலை அடுத்துப் பாருங்கள். கோயில் காட்சியில் தூரத்து நாதஸ்வரம் ஒரு சுருதியில் பதிவாகியிருக்க, அதன்மேல் வைத்த பின்னணி இசை வேறு சுருதியில் ஓடினால், இசை அறியாத பார்வையாளருக்கும் ஏதோ இடறும். காரணத்தைச் சொல்லத் தெரியாது. பின்னணி இசையை அரைக் கட்டை, ஒரு கட்டை வரை சுருதி மாற்றிப் பொருத்தலாம். அதற்கு மேல் மாற்றினால் வாத்தியத்தின் குணம் கெட்டுவிடும். அப்போது சுருதியை வலியுறுத்தாத தாளவாத்தியத்தை மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது.

மூன்றாவது, இசையின் வெட்டு. காட்சி முடிந்ததால் இசையையும் பாதியில் ஃபேட் செய்து முடிப்பது மிகவும் பழகிப்போன வழக்கம். அதற்கு மாறாக, இசைத் துண்டின் இயல்பான முடிவைக் காட்சியின் முடிவில் பொருத்திவிட்டு, அங்கிருந்து பின்னோக்கிச் சென்று தொடக்கத்தைத் தேடுங்கள். நடுவில் நீளம் மிஞ்சினால் தாளச் சுழற்சியின் சமத்தில் (முதல் தட்டில்) வெட்டி, அடுத்த சுழற்சியின் சமத்தில் ஒட்டுங்கள். நிமிடத்துக்கு 100 தட்டு வேகமுள்ள இசையில், 25 ஃப்ரேம் டைம்லைனில் ஒரு தட்டு சரியாக 15 ஃப்ரேம். எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் 120 ஃப்ரேம், அதாவது 4.8 நொடி. இந்தக் கணக்கு கையில் இருந்தால் எங்கே வெட்டினாலும் தாளம் தவறாது. ஆனால் ஷாட்டுகளை ஒவ்வொரு தட்டிலும் மாற்றிக்கொண்டே போனால் பார்ப்பவர் அடுத்த வெட்டை முன்கூட்டியே எதிர்பார்த்து அலுத்துவிடுவார். முக்கியமான ஓரிரு மாற்றங்களைச் சமத்தில் வைத்து, மற்றவற்றை முகபாவத்தின் போக்குக்கு விட்டுவிடுங்கள்.

அறிகுறி: பதிவேற்றிய பிறகு ஒலி மற்றவர்களின் காணொளியைவிடத் தாழ்ந்திருக்கிறது

யூடியூப் ஏறத்தாழ கழித்தல் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பின் அலகு) அளவைவிட உரத்த காணொளியைத் தாழ்த்துகிறது, தாழ்ந்ததை உயர்த்துவதில்லை. ஐரோப்பியத் தொலைக்காட்சிக்கான கழித்தல் 23 அளவில் எக்ஸ்போர்ட் செய்தால் குறைவாகக் கேட்பது இதனால்தான். காணொளியின்மேல் வலது க்ளிக் செய்து நுணுக்கப் புள்ளிவிவரங்களைத் திறந்தால், உங்கள் ஒலி எத்தனை டெசிபெல் கூடவோ குறைவாகவோ இருக்கிறது என்பதை அங்கேயே பார்க்கலாம். கழித்தல் 14 முதல் 16 வரை வைத்து, உண்மை உச்சி கழித்தல் 1 டெசிபெலைத் தாண்டாதபடி லிமிட்டர் (குறித்த அளவுக்கு மேல் போகவிடாத எஃபெக்ட்) போடுங்கள். தாழ்ந்திருப்பது குரல் மட்டும் என்றால், கைப்பேசி ஸ்பீக்கருக்கு எட்டாத ஆழ்ந்த ஒலிகள் அளவின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, இசையின் ஆழத்தையும் சற்றுக் குறைத்தால் குரலுக்கு இடம் கிடைக்கும்.

அறிகுறி: பதிப்புரிமைக் கோரல் வந்திருக்கிறது

யூடியூபில் கோரல் என்பது தண்டனைக் குறிப்பு (ஸ்ட்ரைக்) அன்று. பெரும்பாலும் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும், அல்லது சில நாடுகளில் காணொளி தெரியாது. அறிவிப்பில் எந்த நொடி முதல் எந்த நொடி வரை, எந்த ஒலிப்பதிவு என்று இருக்கும். அதை முதலில் படியுங்கள்.

"இது தியாகராஜர் கீர்த்தனை, பழையதுதானே" என்ற வாதம் இங்கே செல்லாது. 1847 இல் மறைந்தவரின் கீர்த்தனைக்கு உரிமை இல்லை. ஆனால் அதை இன்று ஒரு பாடகர் பாடிப் பதிந்த ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957 இன்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கிறது. பாடல் வரிக்கும் மெட்டுக்கும் படைத்தவரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள். இலங்கையில் வரிக்கும் மெட்டுக்கும் இது 70 ஆண்டுகள். நாட்டுடைமையான பாரதியார் பாடலின் சொற்கள் எல்லோருக்கும் உரியவை. திரைப்படத்துக்காக அதற்கு அமைக்கப்பட்ட மெட்டும் அந்தப் பதிவும் அப்படியல்ல. நீங்களே ஒரு கலைஞரை அழைத்துக் கீர்த்தனையைப் பாடச் செய்து, எழுத்தில் அனுமதி பெற்றுப் பதிந்தால் சிக்கல் இல்லை. அப்படிப்பட்ட பதிவுக்கும் கோரல் வரலாம். அந்த அனுமதியைக் காட்டி மறுத்துவிடலாம்.

சில நிபந்தனைகளோடு எவரும் பயன்படுத்தலாம் என்று உரிமையாளரே அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிம இசையிலும் ஒரு நுணுக்கம் கவனிக்கப்படாமல் போகிறது. அந்த உரிமத்தின் நான்காம் பதிப்பு, இசையை அசையும் படத்தோடு நேரம் பொருத்தி இணைப்பதைத் தழுவலாகவே கொள்கிறது. ஆகவே தழுவல் கூடாது என்ற நிபந்தனையுள்ள இசையைக் காணொளியில் பகிர முடியாது. அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்ற நிபந்தனையுள்ள இசையைப் பயன்படுத்தினால் உங்கள் காணொளியையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற வகையே எளிது. இசையைத் தரவிறக்கும் நாளிலேயே உரிமப் பக்கத்தின் படத்தையும் முகவரியையும் தேதியையும் அந்த இசைக் கோப்பு இருக்கும் அதே ஃபோல்டரில் சேமித்து வையுங்கள். கோரலை மறுக்கும்போது கேட்கப்படுவது அதுதான்.